பாப்பி யாரு?

மேசை மேல் கிடந்த போன் அலறியபோது டிரேவர் குளித்துக்கொண்டிருந்தான். திரையில் ‘பாப்பி’ என்ற பெயர். குளோரியா எடுத்து “ஹலோ” என்றதும் அந்தப் பக்கம் பட்டென்று வைத்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். துண்டோடு வெளியே வந்த புருஷனைக் குளியலறை வாசலிலேயே மடக்கினாள்.

“யாரு அந்த பாப்பி?”

“எந்த பாப்பி?”

“ஓஹோ, எந்த பாப்பின்னு கேக்கற அளவுக்கு நெறைய பேர் இருக்காளுங்களா?”

காக்ஸ் டவுன் வீடுகளில் சுவர் ஒன்றுதான், காது இரண்டு பக்கமும். பக்கத்து வீட்டு டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது. ஸ்கூல் டீச்சரம்மாவான குளோரியா அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. அவன் சட்டை மாட்டி வருவதற்குள் அக்காவுக்குப் போன் போட்டு அழுதும் முடித்துவிட்டாள்.

டிரேவர் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. “அடிப்பாவி, பாப்பின்னா லைட்டுடி!”

விமானப்படை ஓடுதளத்தில் பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடும் வேலைக்கு அவன் சூப்பர்வைசர். அது குளோரியாவுக்குத் தெரியும். விளக்குக்குக்கூடப் பெயர் வைப்பார்கள் என்பதுதான் தெரியாது.

அவன் போனில் படம் காட்டினான். புல்தரையில் வரிசையாக நான்கு விளக்குகள்.

“பிளேன் சரியான உயரத்துல எறங்குனா, பைலட்டுக்கு ரெண்டு வெள்ளையா தெரியும், ரெண்டு சிவப்பா தெரியும். ரொம்பத் தாழ்ந்து வந்துட்டா நாலும் சிவப்பு. இங்கிலீஷ்ல நீளமான பேரு, சுருக்கி பாப்பி. அங்க நிக்கற ஆளோட நம்பர் இது. பொம்பளை குரல் கேட்டதும் பயந்து வெச்சிருப்பான். சும்னே, காரணமே இல்லாம சந்தேகப்பட்டா எப்படி?”

குளோரியாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. போயும் போயும் ஒரு விளக்கோடா சக்களத்திச் சண்டை! பக்கத்து வீட்டு முகத்தில் எப்படி விழிப்பது, அக்காவிடம் என்னவென்று சொல்வது?

“நாளைக்கு சண்டேன்னாலும் பாப்பியை செக் பண்ணப் போகணும். கோவம் இல்லையே?” என்று வேறு கேட்டான். அவள் தலையே நிமிரவில்லை.

செய்த தப்புக்குப் பரிகாரமாக அவனுடைய ஷூவுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தாள். முன்பெல்லாம் தட்டினால் ஒரு கைப்பிடி செம்மண் கொட்டும். இப்போது ஒரு பொட்டு மண் இல்லை. நமக்கு வேலை வைக்கக் கூடாதென்று மனுஷன் தானே துடைத்து வைக்கிறார், அவரைப் போய் இப்படிக் கேட்டோமே என்று கண் கலங்கிவிட்டது.

தவக்காலம் வேறு. மறுநாள் காலை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கே போய் நின்றாள். “கட்டினவரை அநியாயமா சந்தேகப்பட்டேன், ஃபாதர்” என்று சொல்வதற்குள் உடம்பெல்லாம் கூசியது. அவர் மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். அவள் ஜெபமாலை முழுவதையும் சொல்லி முடித்தாள்.

வெளியே வந்தால், பைக் பக்கத்தில் ரெமிஜியஸ் நின்றிருந்தார். டிரேவரின் மேனேஜர். ஓடி ஒளியலாமா என்றிருந்தது. ஆனால் நாளைக்கு ஆபீசில் டிரேவர் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது மேல் என்று கிட்டே போனாள்.

“அங்கிள், உங்க பாப்பியால நேத்து எங்க வீட்டுல பெரிய ரகளை. யாரோ பொம்பளைன்னு நெனச்சு அவரைப் பிடிச்சு உலுக்கிட்டேன். வெக்கமா இருக்கு.”

ரெமிஜியஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஐயோ, என் வீட்டுக்காரியும் ஆரம்பத்துல இதே கேள்வியைத்தான் கேட்டா!”

குளோரியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்சம் துணிச்சலும் வந்தது.

“அதுக்காக சண்டேகூட விடாம வேலை வாங்கணுமா அங்கிள்? இப்பக்கூட பாப்பியைப் பாக்கத்தான் போயிருக்காரு.”

அவர் சிரிப்பு நின்றது. ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார், ஆனால் மாட்டிக்கொள்ளவில்லை.

“அதைக் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே ஏர்ஃபோர்ஸ்கிட்ட ஒப்படைச்சுட்டோமேம்மா!”