டாக்டர் மேல் ஒரு புகார்

"அந்த போனை வச்சுட்டு வீட்டுக்குப் போ லினெட். ஊரே பார்க்குது."

மெர்லுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கூலம்பா ஊரின் தபால் நிலையத்தை நடத்துபவள் அவள். வாசலில் இருக்கும் பொதுத் தொலைபேசிக் கூண்டில் லினெட் இன்றைக்கும் வந்து நிற்கிறாள்.

எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். டாக்டர் மன்ரோ மேல் புகார் கொடுக்கப் போகிறாளாம்!

டாக்டர், நர்ஸ், பல் வைத்தியர் என்று யார் மேல் புகார் இருந்தாலும், எங்கே போக வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டும் அரசாங்க நம்பர் அது. அப்படி ஒன்று இருப்பதே இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. இவளுக்கு மட்டும் எங்கிருந்தோ கிடைத்திருக்கிறது.

காரை நிறுத்தி எட்டிப் பார்த்தான் மதுக்கடை கார்த்.

"லினெட், டாக்டரைத் துரத்திட்டா எனக்கு நெஞ்சுவலி வரும்போது நீயா பார்ப்பே? உன் பேக்கரி பன்னை வச்சுக் கட்டுவியா?"

கார்த் சிரித்துவிட்டுப் போனான்.

"அவன் கேட்கிறதுல என்ன தப்பு?" என்றாள் மெர்ல். "இவரை விட்டா அடுத்த டாக்டருக்கு நாலு மணி நேரம் கார் ஓட்டணும். என் ரெண்டு பிள்ளைங்களும் அவர் கையிலதான் பொறந்துச்சுங்க. போன வருஷம் ஓய்வு எடுத்துக்கறேன்னு சொன்ன மனுஷனை, ஊர்க்கூடத்துல அழுது கெஞ்சி இருக்க வச்சோம். நான்தான் முதல்ல அழுதேன். அவர் மேலயா புகார் கொடுக்கறே?"

"என் புருஷன் டெஸ்ஸுக்குப் பென்சிலின் ஆகாதுன்னு அவருக்குத் தெரியும் மெர்ல். சின்ன வயசுலேர்ந்து தெரியும். தெரிஞ்சும் அதே ஊசியைப் போட்டார்."

"ஒரு தடவை கை தவறிடுச்சு. மனுஷன்தானே?"

"கை தவறலை. அவருக்கு ஞாபகம் போயிட்டிருக்கு. ஊர்க்கூடத்துல வந்து சொன்னேன். புருஷன் போன துக்கத்துல நான் உளர்றேன்னீங்க."

"உளறல்தான். டெஸ் போனது எனக்கும் வருத்தம்தான்டி. அதுக்காக ஊர்ல இருக்கற ஒரே விளக்கையும் ஊதி அணைக்கணுமா?"

லினெட் மறுபடி நம்பரை அழுத்தி, ரிசீவரை நீட்டினாள்.

"கவலைப்படாதே. எதுவும் அணையாது. கேளு."

மெர்ல் காதில் வைத்தாள். கணீரென்று ஒரு பெண் குரல், பதிவு செய்யப்பட்டது.

"நிதி ஒதுக்கீடு முடிவடைந்ததால் இந்தத் தகவல் சேவை நிறுத்தப்பட்டுள்ளது. விவரங்களுக்கு எங்கள் இணையதளத்தைப் பார்க்கவும். நன்றி."

"இணையதளத்துல பார்க்க வேண்டியதுதானே?"

"பார்த்தேன். அதுல இருந்த ஆபீசுக்கெல்லாம் எழுதினேன். ஒருத்தர் இது ஆஸ்பத்திரிப் புகார், அங்கே போங்கறார். அங்கே கேட்டா, இல்லை, இது டாக்டர் மேல, இங்கே வராதுங்கறாங்க. எது எங்கேன்னு சொல்லத்தான் இந்த நம்பரே இருந்துச்சு. என்னிக்காவது யாராவது எடுக்க மாட்டாங்களான்னு வந்து நிக்கறேன்."

"நல்லதாப் போச்சு" என்று ரிசீவரை வைத்தாள் மெர்ல். "அந்தப் பணத்துல ரோடாவது போடட்டும்."

அப்போது தெருவைக் கடந்து டாக்டர் மன்ரோவே வந்தார். தொப்பியைக் கழற்றி, எப்போதும் போலக் கனிவாகச் சிரித்தார்.

"என்ன மெர்ல், வெயில் வாட்டுது இல்ல?" என்றவர் லினெட்டைப் பார்த்தார். "டெஸ் எப்படிம்மா இருக்கான்? இருமல் நின்னுச்சா? நிக்கலைன்னா வரச் சொல்லு, இன்னொரு ஊசி போட்டுடலாம்."

டெஸ்ஸின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் இவரும் ஒருவர்.

லினெட்டின் முகத்தில் கோபமே இல்லை.

"சரி டாக்டர். சொல்றேன்."

அவர் தலையசைத்துவிட்டு நடந்தார். எதிரே கிளினிக் வாசலில், கைக்குழந்தையோடு காத்திருந்த ஒருத்தி நிம்மதியாக எழுந்து நின்றாள். அவர் கதவைத் திறந்துவிட, அவளும் உள்ளே போனாள்.

மெர்ல் பாய்ந்து ரிசீவரை எடுத்தாள்.

"நம்பரைச் சொல்லு! சீக்கிரம்!"

லினெட் சொன்னாள். மெர்ல் அழுத்தினாள்.

"நிதி ஒதுக்கீடு முடிவடைந்ததால்..."

மறுபடி அழுத்தினாள். அதே குரல், அதே நன்றி.

"வேற யாரைக் கேட்கிறது லினெட்?"

"தெரியலையே மெர்ல்."

"இந்த நம்பரைக் கொடுத்தவங்களையாவது கேட்டுப் பார்க்கலாமே? யார் கொடுத்தது?"

லினெட் கிளினிக் கதவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவர்தான். டெஸ்ஸைப் புதைச்சதுக்கு அப்புறம், ஒருநாள் காலையில தெளிவா இருந்தப்போ, வீட்டு வாசல்ல வந்து நின்னு அழுதார். 'திரும்ப மறந்துபோறதுக்குள்ள சொல்லிடறேன் லினெட். என் மேல புகார் கொடு. எப்படியாவது என்னை நிறுத்தச் சொல்லு'ன்னார்."