எம்.எல்.ஏ.வின் இடது கை

எம்.எல்.ஏ. குற்றாலலிங்கத்துக்கு ஒரு விபத்துக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. வீடு வீடாக நடந்து கும்பிட்டு ஓட்டுக் கேட்க, மூட்டை தூக்கும் இசக்கியின் உடம்பை வாடகைக்கு எடுத்திருந்தார். படுக்கையில் அவர் நினைத்தால் இசக்கியின் கால் நடக்கும், கை கும்பிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்.

அவர் மறுபடி ஜெயித்த அன்று, பொழுது சாய்ந்த பிறகு இசக்கி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். மீன்குழம்புச் சோற்றை அவனுடைய இடது கை பிசைந்தது.

"ஏங்க, பீச்சாங்கையாலயா சோறு திங்கிய?" என்றாள் பெண்டாட்டி பேச்சி.

இசக்கி குனிந்து கையைப் பார்த்தான். விபத்துக்கு முன்னால் எம்.எல்.ஏ. இடது கைக்காரர்.

"ஐயா, ஆறு மணி தாண்டிட்டு. விட்டுருங்கய்யா."

கை கொஞ்சம் நின்றது. பிறகு இசக்கியின் வாயே பேசியது.

"இன்னும் ஒரு வாய் போடு தாயி. சோத்தத் தொட்டு முப்பது வருசமாச்சு."

பேச்சி மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, வேற்று ஆளுக்குப் போடுவதுபோல் எட்ட நின்று சோறு போட்டாள்.

இசக்கி அவளைக் கூப்பிடப் பார்த்தான். வாய் மென்றுகொண்டிருந்தது.