பச்சைச் சீட்டு

“பச்சைச் சீட்டு இல்லாத துப்பாக்கி உள்ள போகாதுங்க ஐயா. இது என் சட்டம் இல்ல, முகாமோட சட்டம்” என்றார் சார்ஜென்ட் பிளெட்சோ, சுடுதள அலுவலக ஜன்னலுக்கு உள்ளேயிருந்து.

வெளியே நின்ற மெர்ல் ஹட்டனுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஓய்வுபெற்ற சிப்பாய். அந்த ஓக்லஹோமா ராணுவ முகாமுக்கு ஆறு மணி நேரம் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் உறை போட்ட பழைய மான் வேட்டைத் துப்பாக்கி.

வாரம் முழுக்க ராணுவத் துப்பாக்கிகள் வெடிக்கும் அந்தச் சுடுதளம், சனிக்கிழமைகளில் மட்டும் சொந்தத் துப்பாக்கிக்காரர்களுக்குத் திறக்கும். சிப்பாய்கள், அவர்கள் வீட்டார், ஓய்வுபெற்றவர்கள் யாரும் வரலாம். ஆனால் ஒரு ஸ்பூன் வாங்குவதற்கே மூன்று படிவம் கேட்கிற இடம் அது. துப்பாக்கி என்றால் சும்மா விடுவார்களா? முகாம் வாசலில் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஆயுத மெக்கானிக் அதைத் திறந்து பார்த்து, பழுது இல்லை என்று ஒரு பச்சைச் சீட்டைக் கட்டிவிட வேண்டும். அதன் பிறகுதான் சுடலாம்.

மெர்லிடம் பதிவுத்தாள் இருந்தது, சீட்டுதான் இல்லை. மெக்கானிக் பதினொரு மணிக்கே வேலையை முடித்துக்கொண்டு மீன் பிடிக்கக் கிளம்பிவிட்டார். மெர்ல் வந்து சேர்ந்தது பதினொன்றே காலுக்கு.

அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார் பிளெட்சோ.

“இன்னிக்குத்தான் வேணும் சார்ஜென்ட். இது எங்கப்பா துப்பாக்கி. இன்னிக்கு அவர் பிறந்தநாள். வருஷா வருஷம் இதே நாள்ல அஞ்சே அஞ்சு குண்டு சுட்டு என்னை நெனச்சுக்கங்கன்னு சொல்லிட்டுப் போனவர்.”

வரிசையில் நின்றவர்கள் பெரியவர் பக்கம் சாய்ந்தார்கள். டோனட் தின்றுகொண்டிருந்த ஒரு கார்ப்பரல், தன் முறையை அவருக்கு விட்டுத் தருவதாகச் சொன்னான். அவன் மனைவி, “பாவம் மனுஷர், அஞ்சு குண்டுக்கு என்ன ஆகிடப்போகுது” என்று முணுமுணுத்தாள். பிளெட்சோ காதில் விழாத மாதிரி பதிவேட்டைப் புரட்டினார்.

மெர்ல் விடவில்லை. தனக்கு இதயத்தில் கோளாறு என்றும், அடுத்த வருடம் இருப்பேனோ என்னவோ என்றும் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை என்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

பிளெட்சோ கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. யாராவது அழுதால் அவருக்கு விதி மறந்துவிடும்.

“ஒழுங்கா துடைச்சு எண்ணெய் போட்டு வச்சிருக்கீங்கல்ல?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“வாரா வாரம்.”

பிளெட்சோ மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பச்சைச் சீட்டை எடுத்தார். மெக்கானிக்கின் பெயரைத் தானே எழுதினார். உறையோடு துப்பாக்கியை வாங்கி வெளியே எடுத்து, திறந்துகூடப் பார்க்காமல், விசைக்குப் பக்கத்தில் சீட்டைக் கட்டினார். யாராவது கேட்டால் காலையிலேயே மெக்கானிக் கட்டியதாகச் சொல்லச் சொன்னார். வரிசையில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

மெர்ல் சுடுதளத்துக்குப் போகவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் சந்தோஷம் இல்லை. என்ன ஆச்சு என்று பிளெட்சோ கேட்டார்.

மெர்ல் துப்பாக்கியின் பின்பகுதியை இழுத்துக் கழற்றி ஜன்னல் மேடைமேல் வைத்தார்.

“இதுல குண்டை வெடிக்க வைக்கிற ஊசியே கிடையாது. கிளம்பறதுக்கு முன்னாடி நானே கழட்டி வீட்டுல வச்சுட்டேன். திறந்து பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.”

பிளெட்சோவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி டார்லான்னு இங்க சிப்பாயா ஒரு பொண்ணு இருந்தா. இதே ஜன்னல்ல நின்னு, தாத்தா துப்பாக்கி, தாத்தா பிறந்தநாள்னு கெஞ்சினா. ஞாபகம் இருக்கா? குழாய்ல விரிசல் இருந்த துப்பாக்கி. முகத்துக்கு நேரா வெடிச்சு அவளுக்கு வலது கண்ணு போச்சு. பச்சைச் சீட்டை அவளே திருடிக் கட்டிக்கிட்டான்னு விசாரணையில சொன்னீங்க.”

பிளெட்சோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பென்ஷன் போயிடும்னு பயந்துட்டேன்” என்றார். “அந்தப் பொண்ணை நெனைக்காத நாள் இல்லை.”

மெர்ல் அவரைத் திட்டவில்லை. ஊசியில்லாத துப்பாக்கியை மெதுவாக உறைக்குள் போட்டார்.

“அவ என் பொண்ணு, சார்ஜென்ட். நீங்கதான் கட்டிவிட்டீங்கன்னு எங்கிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டா. ஒரு சார்ஜென்ட் பொய் சொல்ல மாட்டார், நீதான் திருடின்னு சொல்லி, கட்டுப் போட்ட கண்ணோட அவளை வீட்டை விட்டுத் துரத்தினேன். இன்னிக்கு உங்ககிட்ட அவ்வளவு கெஞ்சினேனே, மனசுக்குள்ள ஒரே ஒரு வேண்டுதல்தான். நீங்க கடைசி வரைக்கும் முடியாதுன்னே சொல்லணும்னு.”