கொதிக்கும் இலத்திரன்கள்

"உங்கட மனுசிக்குக் கோபம் எவ்வளவு மகன்? அதைச் சொன்னாத்தான் நான் கதவைத் தட்டலாம்," என்றார் பள்ளிவாசல் நிர்வாகி மீராசாஹிப்.

"அளந்து சொல்லலாம் ஹாஜியார். கொஞ்சம் இருங்க," என்றான் ஸஜீத்.

பூட்டிய அறைக்குள் ஃபர்ஸானா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கற்பிட்டியில் உம்மா வீட்டுக்குப் போகிறேன், இனி வரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். சமாதானம் பேச ஸஜீத்தான் ஹாஜியாரை அழைத்து வந்திருந்தான்.

"கை நீட்டினீங்களா?"

"அல்லாஹ்வே, இல்ல! அவ சொல்ற ஒண்டையும் நான் காதில போட்டதில்ல. அதுதான் குற்றம்."

"இதுக்கா பெட்டி கட்டுறா? ஆராய்ச்சி செய்யிற வீடு எண்டு கேள்விப்பட்டன். படிச்ச மனுசனுக்கு ஆயிரம் யோசனை இருக்கும்தானே."

ஸஜீத் கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினான்.

"ஹாஜியார், ஒரு பொருளில லேசர் ஒளியை அடிச்சா, உள்ளுக்கு இருக்கிற இலத்திரன், அதான் எலக்ட்ரோன் எல்லாம் நிலைகுலைஞ்சு போகும். கண் இமைக்க முந்தி இன்னொரு ஒளியை அடிச்சா, அதுகளில கொஞ்சம் வெளியே பாயும். பாய்ஞ்சதைப் பிடிச்சு, உள்ளுக்கு என்ன நடக்குது எண்டு பார்க்கிறது."

மீராசாஹிப் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"நான் குடும்ப விஷயம் கதைக்க வந்தன் மகன்."

"இதுவும் குடும்ப விஷயம்தான்! பாய்ஞ்ச இலத்திரனையெல்லாம் கிராஃபில போட்டு, ஒரு கோடு கீறினா, சூடு எத்தனை டிகிரி எண்டு சொல்லிரலாம்."

உள்ளே பெட்டியை இழுக்கும் சத்தம் நின்றது.

பைத்தியமோ என்று ஹாஜியாருக்குச் சந்தேகம். ஆனாலும் ஒரு மனிதனின் முகம் வாடக்கூடாதே என்று, அன்பாக ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த நேரமும் சொல்லலாமா?"

"எந்த நேரமும்! ஒளி பட்ட அடுத்த கணமே சொல்லலாம்!"

கதவு படாரென்று திறந்தது.

"பிழை!" என்று கத்தினாள் ஃபர்ஸானா. "தவிச்சுக்கொண்டு இருக்கிற நேரம் கோடு கீறினா ஏதோ ஒரு எண் வரும். அது வெப்பநிலை இல்ல! ஒண்டோட ஒண்டு மோதி முதல்ல ஒரு நிலைக்கு வரோணும். என்ட ஆய்வில முதல் அத்தியாயமே அதுதான்!"

"நான் பாதிதான் வாசிச்சன். மிச்சத்தை நீங்களே சொல்லித் தாங்க, இந்த முறை கேக்கிறன்," என்றான், முந்தலில் இறால் பண்ணை நடத்தும் ஸஜீத்.