இடது முன் சக்கரம்

டயர் கடைக்காரர் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, மெல்லச் சுற்றிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"பஞ்சர் இல்ல சார். வால்வும் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் எப்படிங்க காத்து இறங்கும்?" என்றார் அப்பா.

"பாக்காம விட்டிருப்பீங்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவையாவது காத்து செக் பண்ணணும்."

அப்பா மகன் பக்கம் திரும்பினார். "கேட்டியா? அன்னிக்குக் காலையில நான் ஒழுங்காப் பாத்திருந்தா, உங்கம்மாவ நேரத்துக்கு ஆஸ்பத்திரியில சேத்திருப்பேன். இன்னிக்கு உயிரோட இருந்திருப்பா."

"விடுங்கப்பா. உங்க தப்பு இல்ல."

"நாப்பது வருஷமாக் கார் ஓட்டுறேன். வேற யார் தப்பு?"

அம்மா இறந்த இந்த ஒரு மாதத்தில் அப்பா இதைச் சொல்லாத நாளில்லை. மகனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"என் தப்புப்பா. அன்னிக்கு ஆபீஸ் கிளம்பும்போது நான்தான் காத்தைத் திறந்து விட்டேன். உங்க கண்ணு ரொம்ப மங்கிடுச்சு, இனிமே வண்டி ஓட்ட விடாதீங்கன்னு டாக்டர் என்கிட்ட சொன்னார். உங்ககிட்ட நேரா சொல்ல மனசு வரல."

கடைக்காரர் சக்கரத்தை ஓசையில்லாமல் கீழே சாய்த்து வைத்தார்.

அப்பா திட்டவில்லை.

"சொல்லியிருக்கலாமேடா," என்றார். "அவளப் பக்கத்துல உக்கார வெச்சுட்டு, அரை மணி நேரம் கை பம்பால காத்தடிச்சுக்கிட்டு இருந்தேன். நான் ஓட்டக் கூடாதுன்னு தெரிஞ்சிருந்தா, உடனே டாக்சியக் கூப்பிட்டிருப்பேனே!"