வலக்கை, இடக்கால்

மங்கையற்கரசி வலக்கையை முன்னால் நீட்டி இடக்காலைப் பின்னால் தூக்கிய நேரத்தில்தான், வெறும் பழப்பெட்டி அடுக்கைச் சுற்றிக்கொண்டு எட்வேட் வந்து நின்றார்.

ரூஜில் இருக்கும் அந்த ஸ்ட்ராபெரித் தோட்டம் அவருடையது.

அவரிடம் பழம் பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும், காட்போட் மட்டைகளை விரித்து, கையும் முழங்காலும் நிலத்தில் ஊன்றி நின்றார்கள்.

“அக்கா, காலைக் கீழ விடுங்கோ. அவர் வந்திட்டார்,” என்று பக்கத்து மட்டையிலிருந்து நிலாணி கிசுகிசுத்தாள்.

மங்கையற்கரசி காலை இறக்கவில்லை. இறக்கினால், செய்தது பிழை என்று ஒப்புக்கொண்டது போலாகிவிடும். எட்வேட் மணி அடிக்கும்வரை மதியச் சாப்பாட்டு நேரம் அவர்களுடையது.

போன கோடையில் குனிந்து பழம் பறித்துப் பறித்தே அவளுக்கு முதுகின் கீழே நாரி பிடித்துக்கொண்டது. டோர்செட் பார்க் என்ற குடியிருப்பில், மாடி வீட்டுக் கட்டிலில், புரண்டு படுக்கவும் முடியாமல் கிடந்தாள். சப்பாத்து நாடா கட்டிவிடவும் கணவர் வரவேண்டியிருந்தது. எழும்பி நடந்தபோது தோட்டத்தில் அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தது.

படுத்துக் கிடந்தால் மாறாது, அசையத்தான் வேண்டும் என்று சொல்லிப் பிசியோதெரபிப் பெண் சில பயிற்சிகள் பழக்கிவிட்டாள்.

பனிக்காலம் முழுக்கச் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் மங்கையற்கரசி அதைச் செய்தாள். கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்.

இந்தக் கோடையில் வேலை திரும்பக் கிடைத்தது. நாரியில் கை ஊன்றி நிமிரும் மற்றப் பெண்களைப் பார்த்தாள். மதியத்தில் மட்டையை விரித்தாள்.

முதலில் சிரித்தார்கள். தொலைந்த தோட்டைத் தேடுகிற மாதிரி இருக்கிறது என்று நிலாணிதான் சொன்னாள். பிறகு அவளே இன்னொரு மட்டையோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். மாலையில் வீடு திரும்பும் வான் வண்டியில் ஏறும்போது முனகல் குறைந்தது.

தொல்லை இந்தக் கிழமைதான் தொடங்கியது.

பழம் பொதிசெய்யும் கொட்டகையின் மேல்மாடியில் எட்வேட்டின் அலுவலக அறை. மதியத்தில் அந்த ஜன்னலில் அவருடைய தலை தெரிந்தது. சட்டென்று மறைந்தது. மறுபடி தெரிந்தது.

“ஒளிச்சு நிண்டு பாக்கிறார்,” என்றாள் நிலாணி.

அடுத்த நாள், அவர்களுக்கு மறைப்பாக நின்ற ட்ராக்டரைக் காணவில்லை. எட்வேட்டே ஓட்டிக்கொண்டுபோய்த் தூரத்தில் விட்டிருந்தார்.

“வடிவாப் பாக்கத்தான் எடுத்தவர்,” என்றார் வான் ஓட்டும் லெஸ்லி அண்ணை. “உந்தப் பயிற்சியை நிப்பாட்டுங்கோ. வேலை போயிடும்.”

நிற்பாட்ட மங்கையற்கரசிக்கு மனம் வரவில்லை. ஜன்னலுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, இன்று எல்லோரையும் பெட்டி அடுக்குக்குப் பின்னால் கூட்டிவந்தாள்.

இப்போது ஆளே நேரில் வந்துவிட்டார்.

எட்வேட் தொப்பியைக் கழற்றினார். நிலாணிக்குத்தான் ஆங்கிலம் ஓடும் என்று அவருக்குத் தெரியும். அவளைப் பார்த்து, தணிந்த குரலில், ஏதோ நீளமாகச் சொன்னார்.

மங்கையற்கரசி கையை நீட்டியபடியே குனிந்திருந்தாள். கண்ணுக்கு மட்டையும் புல்லும்தான் தெரிந்தன. நிலாணி பக்கமிருந்து மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அழுகிறாள் என்று நினைத்தாள்.

“என்னவாம்? எல்லாரையும் போகச் சொல்லுறாரோ?”

நிலாணி அழவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“இல்லை அக்கா. ஜன்னலால எங்களைப் பாத்துப் பாத்து அவரும் மேல அறையில, நிலத்தில கிடந்து செய்யிறாராம். ட்ராக்டர் மறைச்சதெண்டுதான் தள்ளி விட்டவராம். இண்டைக்கு நாங்கள் இஞ்சால வந்திட்டம். அடுத்தது என்னெண்டு தெரியாமல் கேக்க வந்திருக்கிறார்.”

மங்கையற்கரசி காலை இறக்கினாள். முழங்காலில் நிமிர்ந்து அவரை நன்றாகப் பார்த்தாள். ஒரு கையில் தொப்பி. மறு கையை நாரியில் ஊன்றிக்கொண்டு நின்றார். சம்பளம் தருபவர் என்றுதான் இவ்வளவு நாளும் அவரைப் பார்த்திருக்கிறாள். ஒருநாளும் அந்தக் கையைக் கவனித்ததில்லை.

ஒதுங்கி, மட்டையின் பாதியைத் தட்டிக் காட்டினாள்.

எட்வேட் ஒரு முழங்காலை ஊன்றினார். மூச்சு வாங்கி மற்றதையும் ஊன்றினார். முகம் அவர் தோட்டத்துப் பழம் போலச் சிவந்திருந்தது. பிறகு வலக்கையையும் வலக்காலையும் ஒன்றாகத் தூக்கி, அப்படியே பக்கவாட்டில் புல்லில் சரிந்தார்.

 முதலில் சிரித்தவர் அவர்தான்.

“உந்தக் கால் இல்லை,” என்றாள் மங்கையற்கரசி. அவருடைய இடது சப்பாத்தைத் தட்டினாள். “மற்றக் கால்.”

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து வெகுநேரமாகியும் அன்று தோட்டத்து மணி அடிக்கவில்லை. மணி அடிப்பவர் மட்டையில் கால் மாற்றிக்கொண்டிருந்தார்.