செத்துப்போன சாரைக்கு ஒரு கூடை முட்டை

காட்டுக் காப்பீட்டுச் சங்கத்தில் ஆண் சாரை தன் உயிருக்கு ஒரு கூடை காடை முட்டை கிடைக்கும்படி பாலிசி எடுத்திருந்தது. சட்டை உரித்த அன்று அதற்கு ஒரு யோசனை வந்தது. உரித்த சட்டையை வாசலில் கிடத்திவிட்டுப் பொந்துக்குள் பதுங்கிக்கொண்டது. பெண் சாரை பக்கத்தில் சுருண்டு கிடந்து அழுதது.

விசாரிப்பதற்குச் சங்கம் கீரியை அனுப்பியது.

“என்னம்மா, உடம்புல எலும்பையே காணோம்?”

“கவலையிலயே கரைஞ்சு போச்சுங்கய்யா.”

பொந்துக்குள்ளிருந்து ஒரு ஏப்பம் கேட்டது.

“அது என்ன?”

“அவரு நினைப்புதாங்க. எனக்கும் அப்பப்போ கேக்குது.”

கீரி பொந்தை முகர்ந்து பார்த்தது.

“இங்க பாருங்கம்மா. உயிரோட இருக்கிற பாலிசிதாரர்மேல என் பல் படக்கூடாதுன்னு சங்கத்து உத்தரவு. செத்தவருக்கு அது செல்லாது. உள்ளே அவர் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. முட்டை கிடையாது, அவ்வளவுதான். நான் பாட்டுக்குப் போயிடறேன்.”

பெண் சாரை பொந்தைப் பார்த்தது. பிறகு கூடையை நினைத்துப் பார்த்தது. உள்ளேயிருந்தும் சத்தம் வரவில்லை. ஆண் சாரையும் கூடையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

“செத்துட்டாருங்க” என்றது பெண் சாரை.

கீரி உள்ளே போனது. கொஞ்ச நேரம் மண் அதிர்ந்தது. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

“நீங்க சொன்னது உண்மைதாம்மா. அப்படியே எழுதிக் கொடுத்துடறேன்.”

பெண் சாரை தலையைத் தூக்கியது.

“முட்டையெல்லாம் உடையாமக் கொண்டு வருவாங்களா?”